பழைய வண்டியைப் புதுக்குதல்



தம்பிலுவில் என்னும் ஊரை உங்களிற் சிலர் கண்ணகி அம்மன் கோயிலைக் கொண்டு அறிந்திருப்பீர்கள். வேறு சிலர் அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் பஸ்ஸில் இருந்தவாறே அதைக் கடந்து போயிருப்பீர்கள். கிழக்கே கடல், மேற்கே வயல், இடையிலே வீதி. அவ்வீதியிலிருந்து சற்று உள்ளே, ஒரு மாமரத்தின் நிழலில், தகரக் கொட்டில் ஒன்றிலே ஒரு மொறிஸ் மைனர் கார் நெடுங்காலமாக நின்றது. 1958ஆம் ஆண்டு செய்யப்பட்ட வண்டி அது. என் தாய்மாமனுக்குச் சொந்தமாயிருந்தது. அவர் மறைந்தபின் மாமி அதை விற்கவுமில்லை, பிறர் ஓட்ட விடவுமில்லை. சென்ற ஆண்டு அது என் கைக்கு வந்தது. அதைப் பழையபடி ஆக்குவதா, அல்லது காலத்துக்கேற்ப மாற்றியமைப்பதா என்ற வினாவுக்கு விடை காண எனக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டின் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

விலையுயர்ந்த வண்டிக்கு இந்த வினா எழுவதேயில்லை. ரோல்ஸ் ரொய்ஸ் ஒன்று ஒருவனுக்கு முதுசமாகக் கிடைத்தால், அதற்குள் யப்பானிய இயந்திரம் ஒன்றைப் பொருத்த அவன் கனவிலும் நினையான். விலையே அதற்குக் காவல். மொறிஸ் மைனருக்கு அந்தக் காவல் இல்லை. ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. ஆசிரியரும் தபாலதிபரும் அப்போதிக்கரியும் வாங்கி ஓட்டுவதற்கென்றே பிறந்த வண்டி அது. அதை முறையாகத் திருத்தப் புகுந்தால் செலவு வண்டியின் விலையை எட்டிவிடும். கவனிக்காவிட்டால் தாண்டியும் விடும். ஆகவே கணக்குப் பார்ப்பவன் விற்றுவிடுவான். விற்க மனமில்லாதவனுக்கோ கணக்கு உதவாது; வேறோர் அளவுகோல் தேடவேண்டும்.

முதல் யோசனை என் சகோதரியின் மகனிடமிருந்து வந்தது. கட்டாரிலே சில ஆண்டுகள் மோட்டார்த் தொழில் பார்த்துத் திரும்பியவன். “மாமா, நிசான் சன்னி எஞ்சின் ஒன்றைப் போடுவோம். ஐந்து கியர், எயார் கண்டிஷன், முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக். கலியாணங்களுக்கு வாடகைக்கு விட்டால் போட்ட காசு தானே வந்து சேரும்” என்றான். அதை இளைஞனின் ஆசையென்று ஒதுக்கிவிட முடியாது. மாமாவின் வண்டியிலுள்ள இயந்திரம் 948 சி.சி. கொள்ளளவுடையது, 37 குதிரைவலுத் தருவது. இன்றைய வீதியிலே டிப்பரும் பஸ்ஸும் பின்னாலிருந்து ஹோர்ன் அடிக்கையில் அந்த வலு போதாது. நிசானோ அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வலுவுள்ளது. அதன் உதிரிப்பாகம் எந்தச் சிறு நகரத்திலும் கிடைக்கும். இலங்கையில் எத்தனையோ மொறிஸ் மைனர்கள் இந்த வழியாலேயே இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 1952ஆம் ஆண்டில் நிசான் கொம்பனி இங்கிலாந்தின் ஒஸ்ரின் கொம்பனியோடு உடன்படிக்கை செய்துகொண்டு, ஒஸ்ரின் ஏ 40 கார்களை யப்பானிலே பூட்டத் தொடங்கிற்று. எங்கள் மொறிஸ் மைனரின் இயந்திரமும் ஒஸ்ரின் குடும்பத்தில் வந்ததே. ஆகவே மருமகன் கொண்டுவர விரும்பிய நிசான், பழைய வாத்தியார் வீட்டுக்கு வரும் மாணாக்கன் போன்றதுதான். வாத்தியார் தொழில் பார்த்து இளைப்பாறியவனாதலால் இந்த எண்ணம் எனக்கு உவப்பாகவே இருந்தது.

இரண்டாவது யோசனை கொழும்பிலுள்ள பழைய நண்பர் ஒருவருடையது. பழைய கார்களிலே பெரும் பற்றுடையவர். ஒரு திருகாணியையும் மாற்றக்கூடாது என்பது அவர் கட்சி. பழைய வாகனங்களுக்கென 1966இல் அமைந்த சர்வதேசச் சம்மேளனம் ஒன்று உண்டு. முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத வயது, வரலாற்றுக்குப் பொருந்திய நிலை, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாமை ஆகியவற்றை அது வரலாற்று வாகனத்தின் இலக்கணமாகக் கூறுகிறது. நண்பர் இதை எடுத்துக்காட்டி, “1958இல் தொழிற்சாலை வாசலைவிட்டு வெளியே வந்த கோலத்தில் நிறுத்து, இயலாவிட்டால் தொடாதே” என்று எழுதினார். அன்றாடம் ஓட்டக்கூடாது என்ற நிபந்தனை எனக்குக் கசந்தது. ஓடாத வண்டியை என் மாமா வண்டியென்றே மதித்ததில்லை.

ஆயினும் நண்பரின் கடிதம் என்னைப் படிக்கத் தூண்டிற்று. மொறிஸ் மைனரின் அசற்கோலம் எது என்று தேடினேன். தேடியபோது எனக்குக் கிடைத்தது ஆறுதல் என்றே சொல்லவேண்டும்.

அந்த வண்டியை வகுத்தவர் அலெக் இசிகொனிஸ் என்னும் பொறியியலாளர். தொடக்கத்தில் அதற்கு மொஸ்கிற்றோ, அதாவது நுளம்பு, என்று பெயரிட்டிருந்தார்கள். கொம்பனியின் தலைவராயிருந்த நஃபீல்ட் பிரபு அதைப் பார்த்துவிட்டு, ஓடு நீக்கி அவித்த முட்டையைப் போலிருக்கிறது என்று முகஞ்சுளித்தாராம். இசிகொனிஸ் அதற்கென நினைத்திருந்தது வேறோர் இயந்திரம். கடைசியில் உள்ளே வைக்கப்பட்டதோ பழைய மொறிஸ் எய்ற் வண்டியின் 918 சி.சி. இயந்திரம். எல்லாம் முடிந்து உற்பத்தி தொடங்கப்போகும் வேளையிலே வண்டி ஒடுக்கமாயிருக்கிறதென்று அவருக்குத் தோன்றிற்று. மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக வெட்டுவித்து, பாதிகளை விலக்கி விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். பொனற்றின் நடுவே ஒரு பட்டை ஓடுவதை நீங்கள் கவனித்திருக்கலாம். அந்த நான்கு அங்குலத்தின் தழும்பு அது. முன்னரே செய்து குவித்திருந்த பம்பர்களை நடுவே அறுத்து, இடையில் ஒரு துண்டு வைத்துப் பொருத்தினார்கள். இவ்வாறாக 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது உலகுக்குக் காட்டப்பட்டபோதே ஒட்டுப்போட்ட வண்டியாகத்தான் வந்தது. 1952இல் ஒஸ்ரினின் 803 சி.சி. இயந்திரம் புகுந்தது, 1956இல் 948 ஆயிற்று, 1962இல் 1098 ஆயிற்று. கதவுத்தூணிலிருந்து கைபோல நீளும் சைகைக் கம்பிகள் 1961இல் மறைந்து மின்னும் விளக்குகள் வந்தன. செய்தவர்களே ஓயாது மாற்றிக்கொண்டிருந்த ஒன்றை, மாற்றவே கூடாத விக்கிரகம்போல நாம் ஏன் வழிபடவேண்டும்?

நம்மவர் கையிலும் அது மாறாமல் இருந்ததா என்றால், இல்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து கார் இறக்குமதி இறுகியபோது, கையிலிருந்த வண்டியை எப்படியாவது ஓடவைப்பதே இந்நாட்டு மெக்கானிக்குகளின் கல்வியாயிற்று. 1990க்குப் பின் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்திலே, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் மணமும் பொறுக்கமுடியாதவை. ஆனால் பிரசவத்துக்குப் போன பெண்கள் அவ்வண்டிகளில்தான் போனார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், நல்ல பழைய வண்டியைக் காலந்தோறும் செப்பனிட்டு ஓட்டுவது புதியது வாங்குவதிலும் சிக்கனமானது என்று நூலே எழுதினார். பின்னர் அவர் இலங்கையர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, மொறிஸ் மைனருக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை இந்நாட்டிலேயே செய்விக்கத் தொடங்கினார். சீமையில் பிறந்த வண்டிக்கு இலங்கையில் அடித்த தகடு கப்பலேறிப் போயிற்று.

இவ்வளவும் படித்தபின் மருமகனின் பக்கமே சாய்ந்திருந்தேன். அந்த நிலையில்தான் அக்கரைப்பற்றிலிருந்து மெக்கானிக் ஒருவரை அழைப்பித்தேன். எழுபது வயதைக் கடந்தவர். மாமாவின் காலத்திலேயே இவ்வண்டிக்குக் கைவைத்தவர். நான் அவரைக் காக்கா என்பேன். அவர் என்னை மாஸ்டர் என்பார். வந்தவர் பொனற்றைத் திறக்கவேயில்லை. சாக்கொன்றை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். கையிலே ஒரு திருகாணிச் சாவி. தட்டிக்கொண்டே போனார். கதவுகளின் கீழுள்ள நீள்விளிம்பில் ஓரிடத்தில் சாவி பிஸ்கற்றிலே புகுவதுபோலப் புகுந்தது.

“மாஸ்டர், எஞ்சினைப் பற்றிப் பிறகு கதைப்போம். முதலில் வண்டி நிற்கட்டும்” என்றார்.

அவர் கூறியதன் பொருளை விளக்கவேண்டும். லொறிகளுக்கு இருப்பதுபோல் தனியான சட்டம் மொறிஸ் மைனருக்கு இல்லை. உடலே எலும்பு. முன்சில்லுகளின் பாரத்தை முறுக்குக் கம்பிகள் இரண்டு ஏற்கின்றன. அவற்றின் பின்முனைகள் முன்னிருக்கைகளின் கீழ் ஓடும் குறுக்குச்சட்டத்திலே பிணைக்கப்பட்டுள்ளன. அச்சட்டம் துருவேறினால் வண்டி நடுவிலே முறியத்தக்கது. எங்கள் ஊரிலோ கடற்காற்று நாள்தோறும் உப்பைக் கொண்டுவந்து பூசுகிறது. போதாக்குறைக்கு 2004 டிசம்பர் 26இல் எழுந்த கடல் கொட்டில்வரை வந்து, சில்லின் பாதி உயரத்துக்கு நின்று வடிந்தது. வடிந்த நீர் போயிற்று, உப்புப் போகவில்லை. இந்த நிலையில் இரு மடங்கு வலுவுள்ள இயந்திரத்தை ஏற்றுவது, இடுப்பு முறிந்த மாட்டுக்குப் பெரிய வண்டில் பூட்டுவதை ஒக்கும். அன்றியும் நிசானின் கியர்ப்பெட்டியை வைக்க, அதனைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தையும் நடுத்தளத்தையும் வெட்டவேண்டும். வெட்டியதை மீண்டும் பழையபடி ஆக்குவது எளிதன்று. பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் இயந்திர இலக்கத்தையும் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்துவிக்க வேண்டும்.

காக்கா இன்னோர் இடத்தையும் காட்டினார். முன்சில்லைத் தாங்கும் மூட்டிலே புரியிட்ட பகுதியொன்று உண்டு. அதற்கு ஒழுங்காகக் கிறீஸ் ஊட்டாவிட்டால் புரி தேய்ந்து, ஒருநாள் திரும்பும்போது மூட்டுக் கழன்று சில்லு மடங்கிவிடும். மொறிஸ் மைனரின் பெயர்போன குற்றம் இதுவே. மாமா மாதந்தோறும் கிறீஸ் துப்பாக்கியோடு மண்ணில் முழங்காலிட்டு இருந்த கோலம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பழைய வண்டி வாங்க நினைக்கும் நேயர்கள் பெயின்றின் மினுக்கத்தைப் பாராமல் இந்த மூட்டைப் பார்க்கவேண்டும். துணியில் சுற்றிய காந்தத்துண்டு ஒன்றையும் கையோடு கொண்டு செல்லுங்கள். தகடு உள்ள இடத்தில் அது ஒட்டும். துருவை மறைத்துப் பட்டி பூசிய இடத்தில் நழுவும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கராஜிலே முன்னொருகால் இந்த வண்டியின் இடது முன்மட்காட்டுக்குச் செய்திருந்த வேலையை அக்காந்தமே எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது.

இனிக் கூரைக்கு வருகிறேன். உண்மையில் என் முடிவு பிறந்த இடம் அதுதான்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்புக் கரையைச் சூறாவளி தாக்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று நான் இளைஞன். மாமாவின் உழவு யந்திரத்தைத் திருத்த வந்த காக்கா மழையினால் அங்கேயே தங்கியிருந்தார். நள்ளிரவில் ஓடுகள் பறந்தன. அவற்றிலொன்று என் தாயாரின் தலையில் விழுந்தது. விடிந்தபோது தென்னைகள் யாவும் ஒரே திசையில் படுத்திருந்தன. அவற்றிலொன்று மொறிஸ் மைனரின் கூரையின்மேல் கிடந்தது. கூரை இருக்கையின் முதுகுவரை அமிழ்ந்திருந்தது. மரத்தை வெட்டி அகற்றியபின், காக்காவும் மாமாவும் நானும் வண்டிக்குள் புகுந்து, மாமி நெல் குற்றும் உலக்கையால் கூரையை உள்ளிருந்து மேல்நோக்கி இடித்தோம். ஒரு மனிதர் குனிந்திருக்க இடம் வந்ததும் இடிப்பதை நிறுத்திவிட்டு, தாயாரை ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் புறப்பட்டோம். வீதியில் விழுந்து கிடந்த மரங்களைக் கோடரியால் வெட்டி வெட்டி, காலையிற் புறப்பட்டவர்கள் பிற்பகலிலே போய்ச் சேர்ந்தோம். தாயார் அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

கூரை பின்னர் இன்னுஞ் சிறிது நிமிர்த்தப்பட்டது. ஆயினும் கையை வைத்துத் தடவினால் அலைபோல ஒரு நெளிவு இன்றும் தட்டுப்படும்.

இந்த நெளிவைப் பற்றி மருமகனிடம் கேட்டேன். பட்டி பூசி மட்டமாக்கி இருவண்ணப் பெயின்ற் அடித்தால் தெரியவே தெரியாது என்றான். கொழும்பு நண்பரிடம் கேட்டேன். அக்கூரையை அறுத்தெறிந்துவிட்டு, வேறொரு பழைய வண்டியின் நல்ல கூரையை வைத்து ஒட்டவேண்டும் என்றார். மற்றெல்லாவற்றிலும் எதிரெதிராக நின்ற இருவரும் இந்த ஒன்றில் ஒன்றுபட்டார்கள். ஒருவர் வண்டியை 1958க்குக் கொண்டுபோக விரும்பினார். மற்றவன் வரப்போகும் ஆண்டுக்கு. இடையிலுள்ள அறுபதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் இருவருக்கும் வேண்டாதவையாயின. பழையபடி ஆக்குவது என்றால் எந்த ஆண்டின்படி என்று நான் கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

கோயில் திருப்பணிகளிலும் இதைக் காண்கிறோம். பழைய கருங்கல்லைச் சீமெந்தால் மூடி நிறம் தீட்டுவோர் உளர். பழமை என்ற பெயரில் நேற்று வந்ததையெல்லாம் இடித்தெறிவோரும் உளர். பழைய கட்டடங்களைப் பேணுவதற்கென 1964இல் வெனிஸ் நகரில் ஒரு பட்டயம் இயற்றினார்கள். ஒரு கட்டடத்தில் வெவ்வேறு காலத்தவர் சேர்த்தவற்றையும் மதிக்கவேண்டும் என்பது அதிலுள்ள ஒரு விதி. நண்பர் போற்றும் வாகனச் சம்மேளனமும் பிற்காலத்தில் அதனைப் பின்பற்றியே துரின் நகரின் பெயரால் தன் பட்டயத்தை வகுத்தது. இதை நண்பருக்கு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

காக்காவிடமும் நெளிவைப் பற்றிக் கேட்டேன். அவர் ஒரு வாளி தண்ணீரைக் கூரையில் ஊற்றிவிட்டு, உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார். “ஒழுகவில்லையே” என்றார். அவ்வளவுதான்.

அதன்பின் வேலை விரைவாக நடந்தது. வெட்டாமல் செய்யக்கூடிய மாற்றம் எதையும் செய்யலாம், வெட்டினாலன்றிச் செய்ய இயலாததைச் செய்வதில்லை என்று எனக்குள் ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். துருவேறிய விளிம்புகளையும் தளத்தையும் அறுத்தெடுத்துப் புதுத் தகடு ஒட்டினோம். அது மாற்றமன்று, வைத்தியம். இயந்திரம் பழையதே, உருளைகளைக் கடைந்து புதுப் பிஸ்ரன் இட்டோம். நம் நாட்டில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுபோனதால், வால்வுகள் அமரும் இடங்களில் கடினமான உருக்கு வளையங்களை இறுக்கவேண்டியிருந்தது. ஒன்றையும் மாற்றேன் என்று விரதம் பூண்டவருங்கூட இதை மாற்றாமல் நெடுந்தூரம் ஓட முடியாது. பிரேக்கிலே மருமகனின் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு நிசானின் டிஸ்க் வேண்டியதில்லை. 1962க்குப் பின்வந்த 1098 சி.சி. வண்டிகளுக்குத் தொழிற்சாலையே எட்டு அங்குலப் பிரேக் வைத்தது; அது பழைய வண்டிக்கும் வெட்டாமல் பொருந்தும். சைகைக் கம்பிகளை அப்படியே வைத்து, மின்னும் விளக்குகளையும் சேர்த்திருக்கிறோம். கதவுத்தூணிலிருந்து நீளும் சிறு கையை இன்றைய முச்சக்கர வண்டிக்காரர் எவரும் பார்க்கமாட்டார். இருக்கைப் பட்டிகளும் உண்டு. டைனமோவை நீக்கி அல்ரனேற்றர் வைத்தது மருமகனுக்கு நான் விட்டுக்கொடுத்தது. இந்த வண்டியில் பற்றறியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அதற்காக அதையும் மாற்றவேண்டியிருந்தது. கழற்றியவை யாவும் சாம்பிராணிப் பெட்டி ஒன்றிலே, எண்ணெய் பூசிக் கடதாசியில் சுற்றி வைக்கப்பட்டுள்ளன. எனக்குப் பின்வருபவன் விரும்பினால் திரும்பப் பூட்டிக்கொள்ளட்டும்.

செலவு என் கணக்கை மீறிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் மீளத் திறந்தது. அந்த இடைக்காலத்தில் ஏறிய பழைய உதிரிப்பாக விலை நான் வாங்கும்போதும் இறங்கியிருக்கவில்லை. நிசான் எஞ்சின் போட்டிருந்தால் இதிலும் குறைவாகவே முடிந்திருக்கும் என்று மருமகன் சொல்லிக் காட்டுகிறான். அதில் உண்மை உண்டு. கலியாண வாடகையும் அவன் எண்ணியபடி வராது. எயார் கண்டிஷனை அவன் இன்னும் விட்டபாடில்லை. முன்கதவுகளிலுள்ள முக்கோணக் கண்ணாடியைச் சற்றுத் திருப்பினால் காற்று நேரே முகத்தில் அடிக்கும் என்று காட்டினேன். “சித்திரை வெயிலில் அடிப்பது காற்றல்ல, நெருப்பு மாமா” என்றான்.

பிரேக்கின் தலைமை உருளை ஒன்றுதான் பாக்கி. அது சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே, சட்டத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் சாமான். கழற்றவே ஒருநாள் சென்றது. புதியது கொழும்பிலிருந்து வரவேண்டும். வைகாசிச் சடங்குக்குமுன் வந்துவிட்டால், அக்கரைப்பற்றிலிருந்து வண்டியைத் தாமே ஓட்டிவருவதாகக் காக்கா சொல்லியிருக்கிறார். பின்னிருக்கையில் உட்காரப்போவது மாமி. அவருக்கு வயது தொண்ணூறு. தலை இடிக்குமா என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.